கடிகாரமும் ஏலக்காயும்



போடிநாயக்கனூரில் ஏலக்காய் வணிகம் செய்யும் குடும்பம் ஒன்றை நாம் நன்கறிவோம். காய் பொறுக்க ஆள் போதாமையால், அவர்கள் கடன் பெற்றுச் சீனாவிலிருந்து நிறம் பிரிக்கும் இயந்திரம் ஒன்றை வரவழைத்தனர். வழிந்து விழும் ஒவ்வொரு காயையும் அதன் கேமரா நோக்கும். வெளிறிய காயைக் காற்று பீச்சி ஒதுக்கித் தள்ளும்.

சில மாதங்கள் ஒழுங்காக ஓடிய இயந்திரம், தை மாதக் கடைசியில் நல்லதையும் அல்லதையும் ஒன்றாய்க் கொட்டத் தொடங்கியது. விற்றவருக்கு அனுப்பிய செய்திகளுக்கு மறுமொழியே இல்லை. "சாமி, எங்களை ஏமாற்றிவிட்டார்கள். கடனை எப்படி அடைப்பேன்?" என்று குடும்பத்தலைவர் நம்மிடம் கண்கலங்கினார்.

பாலிடெக்னிக்கில் பயின்ற அவர் மகள்தான் விசாரித்து உண்மையை அறிந்தாள். அது சீனரின் புத்தாண்டுக் காலம். பொங்கலுக்கு நம்மவர் ஊர் திரும்புவதைப் போலவே அவர்களும் திரும்புவர். தொழிற்சாலைகள் வாரக்கணக்கில் மூடிக்கிடக்கும். விடுமுறை முடிந்ததும் பொறியாளர் ஒருவர் கைப்பேசியில் தொடர்புகொண்டார். அவருக்குத் தமிழ் தெரியாது, ஆங்கிலமும் அரைகுறை. ஆகவே அம்மகள் பேச்சைக் குறைத்து, இயந்திரத்தின் பகுதிகளைப் படமெடுத்து எண்ணிட்டு அனுப்பினாள். அவர் படத்தின்மேலேயே வட்டமிட்டுக் காட்டினார். காற்றழுத்தக் கருவியில் சேர்ந்த நீர் நாள்தோறும் வடிக்கப்படாமல், காற்று பீச்சும் வால்வுகளுக்குள் புகுந்திருந்தது! வடிக்க வேண்டும் என்று கையேட்டில் அச்சிட்டிருந்தது. அதை எவரும் புரட்டிப் பார்க்கவில்லை. ஏமாற்றியவர் எவருமில்லை.

பெரிய ஆலைகளின் நிலையும் இதுவே. 2020இல் கல்வானில் நேர்ந்த எல்லை மோதலுக்குப் பின், சீனப் பொறியாளர் நம் நாட்டுக்கு வர விசா பெறுவது அரிதாயிற்று. 2025 ஜூலையில், தென்னிந்தியாவிலுள்ள ஃபாக்ஸ்கான் கைப்பேசி ஆலைகளிலிருந்து 300க்கும் மேற்பட்ட சீனப் பொறியாளர்கள் தாயகம் அழைக்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன. திருப்பெரும்புதூர் வட்டாரத்தில் விடுதிகளில் தங்கி உழைக்கும் நம் தமிழகப் பெண்பிள்ளைகள் எத்தனை பேர்! அரசுகளின் பிணக்கு நம் கையில் இல்லை. ஆனால் வந்தவர் இருக்கும்போதே அவரிடம் கற்றுக்கொள்வது நம் கையில் இருக்கிறது. அவர் சென்றபின் நமக்கு மிஞ்சுவது அதுவே.

இயந்திரமும் அதை அறிந்தவரும் வெளிநாட்டிலிருந்து வந்த காலம் சீனத்துக்கும் உண்டு. இத்தாலியரான சேசு சபைக் குரு மத்தேயு ரிச்சி, 1601இல் பீக்கிங் அரண்மனைக்குத் தானே மணியடிக்கும் கடிகாரத்தைக் காணிக்கையாக்கினார். பேரரசரின் பணியாளருக்கு அதைப் பேணும் வகையையும் கற்பித்தார். ஆனால் அதற்கு முன்னரே, 1595இல், சீன மொழியில் அவர் இயற்றிய நூல் நட்பைப் பற்றியது! பின்னர் 1607இல், சூ குவாங்சி என்னும் அறிஞரின் துணையோடு, யூக்ளிடின் வடிவகணிதத்தைச் சீனத்தில் வெளியிட்டார். 1606இல் நம் மதுரைக்கு வந்து தமிழ் கற்ற தத்துவ போதகர் நடந்ததும் இதே வழியில்தான். முதலில் மொழியும் நட்பும். அதன் பின்னரே மற்றவை.

அயல்நாட்டாரோடு தொழில் செய்ய எண்ணும் நம் இளைஞர்கள் ஒப்பந்தத்தை எழுத்தில் பெறட்டும். முழுப்பணத்தையும் முன்னதாக அனுப்பிவிட வேண்டா. கையேட்டை வரி விடாமல் படிக்கட்டும். அவர்தம் திருநாட்களையும் அறிந்திருக்கட்டும். எச்சரிக்கை தேவை; வெறுப்பு தேவையில்லை. முகமறியாத ஒருவனைக் கள்வன் என்று தீர்ப்பிடுமுன், நம் பக்கத்துக் குறையை ஒருமுறை ஆராய்ந்து பார்ப்பது கிறிஸ்தவருக்கு அழகு.

அடுத்த புத்தாண்டுக்கு அம்மகள் அப்பொறியாளருக்கு வாழ்த்து அனுப்பினாள். "நீங்கள் பிரிக்கும் அந்தக் காய் எப்படி மணக்கும்?" என்று அவர் கேட்டாராம். போடியிலிருந்து ஏலக்காய்ப் பொட்டலம் ஒன்று இப்போது அவரை நாடிப் பயணமாகிறது.