சாத்தார வீதியை யார் எழுதுவது?

ஸ்ரீரங்கம் என்று பேச்செடுத்தால் மூன்றாவது வாக்கியத்தில் எழுத்தாளர் சுஜாதா வந்துவிடுகிறார். வரட்டும், எனக்கும் பிடித்தவர்தான். 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' படித்துவிட்டு, ரங்கு கடை எங்கே இருந்தது என்று சித்திரை வீதியில் விசாரிக்கும் வெளியூர்க்காரர்களைப் பார்த்திருக்கிறேன். எழுதுகிறவருக்கு இதைவிட என்ன விருது வேண்டும்? ஆனால் நான் வளர்ந்தது அதே ஊரின் சாத்தார வீதியில். அப்பா பூ மண்டியில் கணக்கு எழுதினார். எங்கள் தெருவை அந்தக் கதைகளில் தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அவரைக் குறை சொல்லவில்லை. சுஜாதாவின் இயற்பெயர் ரங்கராஜன். 1935-ல் திருவல்லிக்கேணியில் பிறந்த அவரை ஸ்ரீரங்கத்தில் பாட்டி வளர்த்தார். திண்ணை, கோயில், கிரிக்கெட், வம்பு: அவருக்கு வாய்த்த ஊர் அது. அதையும் அங்கேயே உட்கார்ந்து எழுதவில்லை. செயின்ட் ஜோசப் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி. என்று போய், பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்தவர் திரும்பிப் பார்த்து எழுதியது. அந்தக் கதைகளில் வரும் குண்டு ரமணியைப் போன்ற ஒருத்தியை அத்தனை ஈரத்தோடு எழுத அந்த விலகல் உதவியது என்றே நினைக்கிறேன். ஊருக்குள்ளேயே இருப்பவர்கள் அவளைப் பார்த்தால் கதவைச் சாத்தியிருப்பார்கள்.

கவிஞர் வாலியும் ஸ்ரீரங்கத்து ரங்கராஜன்தான். எம்.ஜி.ஆருக்கு எழுதினாலும் ரஹ்மானுக்கு எழுதினாலும் அவருடைய எதுகை மோனையில் பிரபந்த கோஷ்டியைக் கேட்டு வளர்ந்த காது தெரியும். ஒருவர் மனைவியின் பெயரை வைத்துக்கொண்டார், இன்னொருவர் ஓவியர் மாலியின் நினைவில் வாலி ஆனார். பெயரை மாற்றியும் ஊர் விடவில்லை.

இதே திருச்சி மாவட்டத்தின் தென்கோடியில் துவரங்குறிச்சி இருக்கிறது. அங்கே சிறுவயதிலேயே பள்ளியை விட்டு நிறுத்தப்பட்ட ஒரு பெண், புகுந்த வீட்டுக்குத் தெரியாமல் சல்மா என்ற பெயரில் கவிதை எழுதினார். 2004-ல் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' நாவலாக வந்தது. சுஜாதா ஊரை விட்டுப் போய்ப் பார்த்ததை, சல்மா வெளியே விடாததால் பார்த்தார். பெண்கள் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்ளும் பேச்சு அந்த நாவலில் இருக்கிறது. எவ்வளவு பெரிய எழுத்தாளராக இருந்தாலும் ஓர் ஆணுக்கு அந்தப் பேச்சு காதில் விழுந்திருக்காது. பிறந்த இடமும் பிறப்பும் சில கதவுகளைத் திறந்துவிடும், சிலவற்றைத் தாழ்போடும். எல்லாத் தெருவையும் ஒருவரே எழுத முடியாது.

சாத்தார வீதி விடிவதற்கு வெகுமுன்பே விழித்துக்கொள்ளும். எட்டரை, கோப்பு ஊர்கள் பக்கமிருந்து பூ மூட்டைகள் வந்து இறங்கும். மார்கழிப் பனியில் மல்லி வரத்து குறைந்து விலை ஏறும். முகூர்த்த நாளென்றால் கேட்கவே வேண்டாம். ஏலக்காரர் குரல், தராசுச் சண்டை, முழத்துக்கு இவ்வளவு என்று கூலிக்குப் பூக்கட்டும் பெண்கள். அவர்கள் விரல் ஓடும் வேகத்துக்கு வாயும் ஓடும். மாமியார், கந்து வட்டி, பெருமாள் எல்லாரையும் ஒரே மூச்சில் திட்டுவார்கள். அந்தத் தமிழை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

தமிழாசிரியையாக இருந்தபோது 'என் ஊர்' என்று கட்டுரை எழுதச் சொல்வேன். வகுப்பு மொத்தமும் ராஜகோபுரத்தை எழுதும்: பதின்மூன்று நிலை, 1987-ல் குடமுழுக்கு. அம்மா பூக்கட்டும் ஒரு பெண்ணிடம், "உங்க வீட்டை எழுதேன்" என்றேன். "அதையெல்லாமா எழுதுவாங்க டீச்சர்?" என்றாள்.

அவளுக்கு அப்படித் தோன்றியதற்கு நாம்தான் காரணம். ஓர் ஊருக்கு ஓர் எழுத்தாளர் போதும் என்று சிலை வைத்த மாதிரி உட்கார்ந்துவிட்டோம். திருச்சியில் இலக்கியக் கூட்டம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை சுஜாதாவைப் பற்றிப் பேச இன்னொரு பேச்சாளரைத் தேடாதீர்கள். பூ மண்டியிலும் கொள்ளிடக் கரையிலும் பொன்மலைப் பணிமனைக் குடியிருப்பிலும் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த மேடையைக் கொடுங்கள். அவர்கள் எழுதியதை வாசிக்கச் சொல்லுங்கள்.