வழுக்கையாற்று அயலில் ஒரு தொல்லூர்

யாழ்ப்பாணத்தில் ஆறு ஏது என வினவுவோர் உளர். கல்லூரியிற் கற்ற காலத்தில் நம்முட் பலரும் அவ்வாறே எண்ணியிருந்தோம். மாரியில் மட்டும் ஓடுவதாயினும், வழுக்கையாறு என ஓர் ஆறு நமக்கு உண்டு. தெல்லிப்பழை, அளவெட்டிப் பக்கத்து மழைவெள்ளத்தைத் திரட்டிக்கொண்டு, வயல்வெளிகளினூடே சென்று, அராலிப் பக்கத்துக் கடனீரேரியிற் கலப்பது அது. அதன் அயலிலே, சுன்னாகத்துக்கு மேற்கே அமைந்த சிற்றூர் கந்தரோடை.

ஊர் சிறிது, அதன் பழமையோ பெரிது. மயில்வாகனப் புலவர் யாழ்ப்பாண வைபவமாலையிற் கூறும் கதிரைமலை இதுவே என்பர் ஆராய்ச்சியாளர். 1917 தொடக்கம் 1919 வரையில் போல் பீரிஸ் அவர்கள் இங்கு நிகழ்த்திய ஆய்வுகளாற் சிறு தூபிகளும் பழங்காசுகளும் வெளிப்பட்டன. 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக நூதனசாலையினர் அகழ்ந்தபோது, கறுப்பு சிவப்பு மட்கலங்கள் கிடைத்தன. கிறிஸ்துவுக்கு முந்திய நூற்றாண்டுகளிலேயே மக்கள் இங்கு நிலைபெற்று வாழ்ந்தனர் என்பது அவற்றாற் புலனாயிற்று.

இத்தூபிகள் எவர்க்குரியன என்று வாதிடுவதில் நம்மவர்க்கும் பிறர்க்கும் ஊக்கம் மிகுதி. காஞ்சியிலும் நாகபட்டினத்திலும் தமிழரிடையே பௌத்தம் தழைத்திருந்தது. இம்மண்ணிலும் அது ஒருகால் வாழ்ந்ததென ஒப்புவதற்குச் சைவ மரபினராகிய நாம் கூசவேண்டியதில்லை. ஆயின், அவ்வாதத்திற் செலவிடும் ஊக்கத்தில் ஒரு பங்கையேனும், இவ்வூரை ஊராக்கிய நீருக்கு நாம் செலவிட்டோமா? முன்னோர் இவ்விடத்தைத் தெரிந்ததற்கு நல்ல மண்ணும் நன்னீரும் முதற் காரணங்களாயிருந்திருக்கும் என்பது நம் கருத்து.

ஆண்டிற் சில மாதமே ஓடும் வாய்க்காலை ஆறென்று போற்றுவதா எனச் சிலர் நகைக்கக்கூடும். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மழையே குடாநாட்டின் பெருஞ்செல்வம். தாழ்ந்த வயல்களிலும் ஆற்றுப் படுகையிலும் தேங்கி நிற்கும் வெள்ளம் சுண்ணாம்புக் கற்பாறையினுட் சுவறி, நம் கிணறுகளுக்கு ஊற்றாகின்றது. துலாமிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில் இறைப்புக்கு இயல்பாகவே ஓர் அளவு இருந்தது. இயந்திரம் வந்தபின் அவ்வளவு நீங்கிற்று. இறைப்பு மிக, ஊறுவது குறையுமாயின், கீழுள்ள உவர்நீர் மேலெழும். இதனை உணராது வெள்ளவாய்க்கால்களைத் தூர்ப்பதும், ஆற்றோரத்திற் குப்பை கொட்டுவதும் நம் கிணற்றை நாமே கெடுப்பதாகும்.

மார்கழியில் அப்பக்கம் சென்றோர் அதன் அழகை மறவார். பசும் பயிரிடையே கொக்குகள் நிற்கும். மதகின்கீழ்ப் புதுவெள்ளம் இரையும். அப்பாற் பனைகள் நிரையாய்த் தோன்றும். கோடையிலோ அதே படுகையில் மாடுகள் மேயும். இரண்டும் ஒரே ஆற்றின் கோலங்கள்.

விழாக் காலத்தில் மண்டபம் அமைக்கவும் படந் திறக்கவும் பழைய மாணவராகிய நாம் முன்னிற்கின்றோம். அவை வேண்டுவனவே. அவற்றோடு, ஆண்டுதோறும் ஒருநாள் மாணவரை அளவெட்டியிலிருந்து அராலிவரை ஆற்றுவழியே அழைத்துச் செல்வோமாக. சரித்திரமும் பூமிசாத்திரமும் ஒருங்கே கற்பிக்க அதனினும் நல்ல வகுப்பறை வேறில்லை. கண்ணாற் கண்டு அறிந்த பொருளையே மனிதர் பேணுவர். தூபிகளைக் காக்க வேலி போதும். ஆற்றைக் காக்க ஊரவர் அனைவரும் வேண்டும்.