சாருக்கு என்னைப் பிடிக்காது!

எம்-3 அரியர் விழுந்த அன்னிக்கு நான் விட்ட முதல் டயலாக்: ‘அந்த சாருக்கு என்னைக் கண்டாலே ஆகாது மச்சி!’

உண்மையில எனக்குத்தான் அவரைக் கண்டா ஆகாது. என் கடுப்பைத் தூக்கி அவர் தலையில வெச்சிட்டேன். இதுக்குப் பேரு ‘புரொஜெக்‌ஷன்’ பாஸ்! (ஃபைனல் இயர் புராஜெக்ட் இல்ல!) மனசு தன்னைக் காப்பாத்திக்க இப்படிப் போடுற தடுப்பாட்டங்களைத் தொகுத்து, 1936-ல் புத்தகமாக்கினார் அன்னா ஃப்ராய்டு. அப்பா சிக்மண்ட் ஃப்ராய்டின் 80-வது பிறந்த நாளுக்கு அதுதான் கிஃப்ட். நமக்கே தெரியாம நடக்கும்கறதுதான் இதுல மேட்டர்.

விடைத்தாள் ஜெராக்ஸ் வாங்கிப் பார்த்தேன். ரெண்டு பெரிய கேள்வியை நான் தொடவே இல்லை. திருத்தினதும் வேற காலேஜ் ஆளாம்!

அப்பாகிட்ட மட்டும் இன்னும் ‘சார்தான் காரணம்’. இந்த ஞாயிறு ஊருக்குப் போறேன்...