முதலாம் ஆண்டில் மொழியா குறை?

“முதலாம் ஆண்டிலிருந்தே மலாயில் படித்தால்தான் தோட்டத்துப் பிள்ளை தேறும், தமிழ்ப்பள்ளி காலத்தை வீணாக்குகிறது.” மலேசியாவின் கோலசிலாங்கூர்ப் பக்கம் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. ஆனால் பேசத் தெரிந்த மொழியில்தான் குழந்தை ஒலியையும் எழுத்தையும் பொருத்திப் பழகுகிறது. தெரியாத மொழியில் எழுத்துக்கூட்டினால் மிஞ்சுவது வெறும் சத்தம். தாய்மொழியில் தொடங்குங்கள் என்று யுனெஸ்கோ 1953-லேயே சொல்லிவிட்டது. போதாக்குறைக்கு, தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டிலேயே மலாயும் உண்டு. இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்!

தமிழ்ப்பள்ளி பின்தங்குகிறது என்பதற்கு, தொடக்க வகுப்புப் பிள்ளைகளின் எழுத்தறிவையும் எண்ணறிவையும் சோதித்த லினுஸ் திட்டத்தைச் சான்றாகக் காட்டுகிறார்கள். 2010-இல் வந்த அத்திட்டம் மலாய் வாசிப்பையும் கணக்கையும் பார்த்தது. 2013-இல் ஆங்கிலம் சேர்ந்தது. தமிழ் வாசிப்பை அது அளக்கவே இல்லை. அளக்காததை எப்படிக் குறை சொல்வது?

குறை வேறிடத்தில் இருக்கிறது. தோட்டம் காலியாகி, மாணவர் எண்ணிக்கை சுருங்கிய பள்ளிகளில் இரண்டு வெவ்வேறு ஆண்டுகளின் பிள்ளைகளை ஒரே வகுப்பில் சேர்த்து உட்கார வைக்கும் நிலை வருகிறது. முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு ஆசிரியரின் கவனம்தான் பாதிப் பாடம். நாட்டின் முதல் வணிக எண்ணெய்ப்பனைத் தோட்டம் 1917-இல் உருவானது இங்கே, கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் என்ற இடத்தில்தான். நூறாண்டு லாபம் கொடுத்த வட்டாரத்துக்குப் பாலர் வகுப்பும் கூடுதல் ஆசிரியரும் கேளுங்கள். மொழியை மாற்றினால் இவை தானாக வந்துவிடாது.