ஒரு பிஸ்பீனோலுக்குப் பதில் இன்னொன்றா?

உடற்பருமன் என்று பேச்செடுத்தால் குடும்ப வைத்தியர் முதல் கலியாண வீட்டுப் பெரியம்மா வரை சொல்வது ஒன்றுதான்: வாயைக் கட்டு, நட. அதில் பிழையில்லை. ஆனால் கணக்கு அத்தோடு முடிவதில்லை என்று காட்டிய ஆய்வு ரொறன்ரோவிலிருந்தே வந்தது. யோர்க் பல்கலைக்கழகத்தின் ரூத் பிரவுன், ஜெனிபர் குக் ஆகியோர் பல்லாயிரம் அமெரிக்கர்களின் உணவு, உடலுழைப்புத் தரவுகளை ஆராய்ந்து 2015இல் வெளியிட்டார்கள். ஒரே வயது, ஒரே அளவு சாப்பாடு, ஒரே அளவு உடலுழைப்பு. ஆனாலும் 1988இல் இருந்தவரை விட 2006இல் இருந்தவரின் உடல் நிறைச் சுட்டெண் ஏறக்குறைய 2.3 கூடுதல். மருந்துகள், குடல் நுண்ணுயிர்கள், பூச்சிகொல்லிகள், தீத்தடுப்பு இரசாயனங்கள் என்று பல காரணங்கள் சந்தேகிக்கப்பட்டன. எதுவும் நிறுவப்படவில்லை. உணவுத் தரவுகள் மக்களே சொன்னவை, சாப்பிட்டதைக் குறைத்துச் சொல்வது மனித இயல்பு என்பதையும் மறக்கக்கூடாது.

ஆனாலும் இரசாயனங்கள் மீதான சந்தேகம் வெறும் ஊகமுமல்ல. கப்பல் அடிப்பாகப் பூச்சில் பயன்பட்ட டிரைபியூட்டைல்டின், கருவிலிருந்த எலிக்குட்டிகளின் உடற்கொழுப்பைக் கூட்டியதை கலிபோர்னிய ஆய்வாளர் புரூஸ் புளூம்பெர்க்கின் குழு 2006இல் காட்டியது. பிளாஸ்டிக்கிலும் ரின் உட்பூச்சிலும் சேரும் பிஸ்பீனோல் ஏ என்ற இரசாயனத்தின் மீதும் இதே ஐயம் உண்டு. 2007–2009 தேசிய அளவீட்டில் கனடியர்களில் 91 வீதமானோரின் சிறுநீரில் அது இருந்தது.

2010இல் கனடா அதை நச்சுப் பட்டியலில் சேர்த்தது. குழந்தைப் பால்போத்தல்களில் தடை செய்தது. துணிச்சலான முடிவுதான். பிறகு? மீன் ரின்களின் உட்பூச்சு தடைக்கு வெளியே நின்றது. கடைப் பற்றுச்சீட்டுகளில் பிஸ்பீனோல் ஏ விலக, அதே குடும்பத்துப் பிஸ்பீனோல் எஸ் வந்து குந்திக்கொண்டது. ஸ்காபரோ கடைகளில் காசுப்பெட்டியில் நிற்கும் நம் பெண்கள் நாள் முழுக்கத் தொடுவது அந்தக் கடதாசியைத்தான். அவர்களிடம் போய் உணவுக் கட்டுப்பாடு மட்டும் போதிப்பது நியாயமா?

ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பரில் உணவைத் தொடும் பொருட்களில் பிஸ்பீனோல் ஏயைத் தடை செய்து, அபாயகரமான பிற பிஸ்பீனோல்களுக்கும் கட்டுப்பாட்டை விரித்தது. ஒட்டாவாவுக்கும் வழி தெரியாததல்ல. எளிதில் அழியாத பிஎப்ஏஎஸ் இரசாயனங்களை, புளூரோபொலிமர்கள் நீங்கலாக, ஒரே வகுப்பாக நச்சென்று 2025 மார்ச்சில் முடிவு செய்த அரசு இது. ஆரோக்கியமான சூழலுக்கான உரிமையை 2023இல் சட்டத்தில் எழுதியதும் கனடிய நாடாளுமன்றந்தான்.

முழு நிரூபணம் வரும்வரை காத்திருந்தால் இன்னொரு தலைமுறை பரிசோதனை எலியாகும். பிஸ்பீனோல்களை ஒவ்வொன்றாகத் துரத்தாமல் ஒரே வகுப்பாகக் கட்டுப்படுத்த வேண்டும், பற்றுச்சீட்டில் தொடங்கலாம். நம் வாக்கில் ஒட்டாவா சென்ற உறுப்பினர்கள் இதை எப்போது சபையில் எழுப்பப் போகிறார்கள்?