இனமும் வர்க்கமும்: சிவானந்தனை மலையகத்திலிருந்து வாசித்தல்

அம்பலவாணர் சிவானந்தன் 2018 ஜனவரி 3 ஆம் திகதி லண்டனில் காலமானார். 'ரேஸ் அன்ட் கிளாஸ்' சஞ்சிகையை 1974 முதல் பல தசாப்தங்கள் வழிநடத்திய அவர், பிரித்தானியாவின் கறுப்பின மக்களுடைய போராட்டங்களின் முதன்மைச் சிந்தனையாளருள் ஒருவர். இளமையில் அவர் நமது மலையகத்தில் ஆசிரியராகப் பணியாற்றியதும், 1958 இனக்கலவரத்தின் பின்னரே நாட்டைவிட்டு வெளியேறியதும் இங்கு அதிகம் பேசப்படுவதில்லை.

அவரது கட்டுரைத் தொகுப்புகளுள் 1990 இல் வெளிவந்த 'கம்யூனிட்டீஸ் ஒஃப் ரெசிஸ்டன்ஸ்' இலங்கை நிலைமையையும் ஆராய்கிறது. இனவாதம் வெறும் மனக்கசப்பன்று, அரசினதும் பொருளாதாரத்தினதும் தேவைகளுக்கேற்ப உருமாறுவது என்பது அவரது அடிப்படை வாதம். இதற்கு மலையகத்தைவிடத் தெளிவான சான்று தேடவேண்டியதில்லை. 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் இடதுசாரிகளுக்கும் பல தொகுதிகளில் துணை நின்றன. மறு ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949 இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. தமிழர் என்பதற்காக மட்டுமா? சங்கம் அமைத்து வேலைநிறுத்தம் செய்யத் தெரிந்த தொழிலாளர் என்பதற்காகவும்தான். அதே 1948 இல் ஜீ.ஜீ.பொன்னம்பலம் அமைச்சரவையில் இணைந்தார். அதனை ஏற்காத செல்வநாயகம் 1949 இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். இன ஒற்றுமை என்ற சொல்லால் மட்டும் இப்பிளவை விளக்கிவிட முடியாது. கங்காணியும் தமிழரே, அவரது கணக்கேட்டில் கடனாளியாகக் கிடந்த தொழிலாளியும் தமிழரே.

1949 ஆம் ஆண்டின் சட்டம் 'இந்திய, பாகிஸ்தானிய' வதிவோரைப் பற்றியது என்பதை முஸ்லிம் வாசகர்கள் கவனிக்க வேண்டும். சிவானந்தன் மறைந்து இரண்டு மாதங்களில், 2018 மார்ச்சில், கண்டி மாவட்டத்தின் திகனையில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிக்கப்பட்டன. 2019 இல் முஸ்லிம் கடைகளைப் புறக்கணிக்கும் பிரசாரம் எழுந்தது. ஏழைச் சிங்களவரின் குறைகளுக்கு அயலவரின் கடையைக் காரணமாகக் காட்டும் அரசியல், அன்று தோட்டத் தொழிலாளியைக் காட்டிய அரசியலின் தொடர்ச்சியே.

1964 ஒப்பந்தப்படி 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேர் இலங்கைக்கும் எனப் பங்கிடப்பட்டனர். அவர்களுள் எவரிடமும் விருப்பம் கேட்கப்படவில்லை. 2003 ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியோரின் பிரஜாவுரிமைச் சிக்கலைத் தீர்த்தது. 2024 இல் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. ஆயினும், வெள்ளைத் துரைமார் காலத்து லயன் அறைகளில் இன்றும் வாழும் குடும்பங்கள் பலவற்றுக்கு, அவ்வறை நிற்கும் நிலத்தின் உறுதி கையில் இல்லை.