பூஞ்சை மருந்தும் சுங்கை பூலோவும்

1930இல் தொழுநோயாளருக்கென மலேசியாவின் சுங்கை பூலோவில் எழுந்த குடியிருப்பை ஒதுக்கப்பட்டோரின் சோகஸ்தலமாக மட்டுமே நினைப்பது அதன் பெருமையில் பாதியை மறப்பதாகும். ஏனெனில், டாப்சோன் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் உட்கொண்டும் நோய் தலைதூக்கியவர்களின் தோலிலிருந்து எடுத்த கிருமிகளை எலிகளின் பாதங்களில் செலுத்தி, அம்மருந்துக்கு அவை அடங்காதவையாகிவிட்டன என்று 1964இல் பெட்டிட், ரீஸ் என்னும் ஆய்வாளர் இருவர் உலகுக்கு நிரூபித்தது இவ்வூர் நோயாளிகளைக் கொண்டேயாம். நோயாளியின் படுக்கைக்கும் பரிசோதனைச்சாலைக்கும் அன்றிருந்த அந்தச் சம்பந்தம் இன்று பூஞ்சை நோய்களின் விஷயத்தில் நமக்கு அத்தியாவசியமாகிறது.

பூஞ்சை என்றால் படர்தாமரையும் சேற்றுப்புண்ணுமே நம் நினைவுக்கு வருகின்றன. உயிரைக் குடிப்பவை வேறு. எதிர்ப்புச்சக்தி குன்றியோரின் மூளையுறையைத் தாக்கும் கிரிப்டோகாக்கஸும், தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பரவிப் பல மருந்துகளுக்கும் பணியாதிருக்கும் காண்டிடா ஆரிஸும், உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட 19 பூஞ்சைகளின் பட்டியலில் முதல் வரிசையில் நிற்கின்றன. கடந்த பத்தாண்டுகளில் அங்கீகாரம் பெற்ற புதிய பூஞ்சை மருந்துகளோ நான்கே என்று 2025இல் அந்நிறுவனமே கூறியது.

இந்த வறுமைக்குக் காரணம் இயற்கையிலேயே உண்டு. பூஞ்சையின் உயிரணு பாக்டீரியாவைவிட மனித உயிரணுவுக்கே நெருங்கிய அமைப்புடையதாதலால், அதைக் கொல்லும் பொருள்களிற் பல நம்மையும் வருத்துகின்றன. உயிர்காக்கும் ஆம்போடெரிசின்கூடச் சிறுநீரகத்தை வாட்டுவது மருத்துவர் அனைவரும் அறிந்ததே. ஆகவே, 96 குழிகள் கொண்ட தட்டில் பூஞ்சையையும் படிப்படியாக நீர்த்த மருந்துப்பொருளையும் ஒருங்கே இட்டு, எந்த அளவில் வளர்ச்சி நிற்கிறது என்று காண்பது ஆரம்பமே. மனித உயிரணுக்களை அதே பொருள் விட்டுவைக்கிறதா என்பதே உண்மையான பரீட்சை. இதற்கு ஒரு பழைய சான்றுண்டு: நியூயார்க்கில் எலிசபெத் ஹேசன் மண் மாதிரிகளிலிருந்து நுண்ணுயிர்களை வளர்த்துத் தபாலில் அனுப்ப, ஆல்பனியில் ரேச்சல் பிரவுன் அவற்றின் சாரத்தைப் பிரித்துத் திருப்பியனுப்ப, பூஞ்சையை அழித்தவற்றுள் பெரும்பாலானவை எலிகளையும் கொன்றுவிட, முடிவில் ஒரு பால்பண்ணை மண்ணிலிருந்து நிஸ்டாட்டின் என்னும் பூஞ்சை மருந்து கிடைத்து 1950இல் உலகறிய வெளிப்பட்டது. அதனால் வந்த உரிமைத்தொகையை அவ்விரு பெண்மணிகளும் ஆராய்ச்சிக்கே அளித்துவிட்டனர் என்பதைப் படிக்கும்போதெல்லாம் என் நெஞ்சம் நெகிழ்கிறது.

நம் நாட்டில் பச்சிலைகளை ஆராய்வோருக்குக் குறைவில்லை. மலாய்க்காரர் கெலெங்காங் என்றும் நாம் சீமை அகத்தி என்றும் சொல்லிப் படர்தாமரைக்குத் தடவும் இலை முதலாக எத்தனையோ தாவரங்களின் சாறு சோதிக்கப்பட்டாயிற்று. ஆயினும், சாற்றில் நனைத்த காகிதவில்லையைச் சுற்றிப் பூஞ்சை வளராத ஒரு வட்டம் தோன்றியதோடு பல ஆய்வுகள் திருப்தியடைந்து ஓய்ந்துவிடுகின்றன. சாற்றில் வேலை செய்யும் மூலப்பொருள் எது, அது நஞ்சா அன்றா என்று தொடர்ந்து செல்லப் பணமும் பொறுமையும் வேண்டும்.

அவ்விரண்டையும் வர்த்தக நிறுவனங்களிடம் எதிர்பார்ப்பது வீண். ஏழை நோயாளிகளின் மருந்தில் அவற்றுக்கு லாபம் அற்பம். அரசே முன்வந்தால் நடக்கும் என்பதற்கு, புறக்கணிக்கப்பட்ட நோய்களுக்கான லாபநோக்கற்ற அமைப்பொன்றுடன் நம் சுகாதார அமைச்சு கைகோத்து உழைத்து, ஹெபடைட்டிஸ் சி நோய்க்கான ராவிடாஸ்விரை 2021இல் இங்கே பதிவு செய்வித்தது சாட்சி. தொற்றுநோய்களுக்கெனப் பேர்பெற்ற சுங்கை பூலோ மருத்துவமனை, நோயாளிகளிடமிருந்து பிரித்த பூஞ்சை வகைகளைச் சேமித்துக் கொடுக்கட்டும். அண்டையூரான கெப்போங்கின் வன ஆராய்ச்சிக் கழகம் காட்டுத் தாவரங்களையும் மண்ணின் நுண்ணுயிர்களையும் கொடுக்கட்டும். 1900 முதல் இயங்கும் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இரண்டையும் தட்டில் சந்திக்க வைக்கட்டும். ஆண்டுதோறும் கை நீட்டி நிற்காதபடி, பத்தாண்டுகளுக்கு உறுதியான மானியம் ஒன்றை இதற்கென ஒதுக்குமாறு சுகாதார அமைச்சை வேண்டுகிறேன்.